இரட்டைப்படை எண் வீடுகள்

2020 ஏப்ரல் முதல் தேதிக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கார்வெல் பெண்ட் நகரத்து மக்கள்தொகை 412. வீடுகள் 187. பரப்பளவு ஒரு சதுர மைலுக்குச் சற்று அதிகம். தெற்கு எல்லையில் ஓர் ஓடை. நகரத்தின் நடுவே கிழக்கு மேற்காக நான்குவழி நெடுஞ்சாலை.

இந்த வரிகளைத் தட்டச்சு செய்தவள் பிரேமலதா. வயது முப்பத்தெட்டு. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் வாடகை வீடு. தினமும் காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி கே.கே. நகர் போவாள். அங்கே ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியில் அவள் வேலை பார்த்த நிறுவனம் இருந்தது. மொத்தம் பதினான்கு ஊழியர்கள்.

அமெரிக்காவின் சிறிய ஊர்களுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. வானிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கதவு எண் என்ன, வாசல் எந்தச் சாலையில் திறக்கிறது, வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தால் அந்த வாசலில் நுழைய முடியும் என்பதையெல்லாம் நிரப்ப வேண்டும். அங்கே ஒருவர் அவசர எண்ணை அழைத்தால், ஆம்புலன்ஸில் இருக்கும் திரை இந்தப் புள்ளியை வைத்துத்தான் வழி சொல்லும். கூடவே ஊரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம், நீர், மக்கள்தொகை, நகராட்சி அலுவலகம் திறந்திருக்கும் நேரம், அதன் மின்னஞ்சல்.

ஒன்பது ஊர்களை எடுத்திருந்தார்கள். அவற்றில் மிகச் சிறியது கார்வெல் பெண்ட். அது வந்த அன்று அலுவலகத்தில் ஒரே சிரிப்பு.

“நானூத்திப் பன்னெண்டு பேருக்கு ஒரு சிட்டியா?” என்றாள் பிரேமலதாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பிரான்சி. “எங்க பாலக்கரைல ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பூசைக்கே இதைவிடக் கூட்டம் வரும்.”

“மேயர் வேற இருக்காராம்” என்றான் டீம் லீடர் மாதவன்.

“மேயரா? எங்க அபார்ட்மென்ட்ல அறுபது வீடு. ஒரு செக்ரட்டரி கிடைக்கல” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

நான்கு மாதத்தில் பிரேமலதாவுக்கு அந்த ஊர் பழகிவிட்டது. 1950-இல் அங்கே ஆயிரத்து நூறு பேர் இருந்தார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை நூறு பேர் வீதம் குறைந்தார்கள். பள்ளிக்கூடத்தைவிடக் கல்லறைத் தோட்டம் பெரியது. தானியக் கிடங்கின் நான்கு உருளைகள் படத்தில் நான்கு வட்டமாகத் தெரியும்; காலையில் எடுத்த படம் என்பதால் நிழல்கள் மேற்கே நீண்டு கிடக்கும். ஊரின் பெரும்பகுதி நெடுஞ்சாலைக்கு வடக்கே. தெற்கே, சாலையை ஒட்டி ஒரே வரிசையில் முப்பத்தேழு வீடுகள். 1800 முதல் 1872 வரை இரட்டைப்படை எண்கள். கணக்கெடுப்பின்படி அந்த வரிசையில் எண்பத்தொரு பேர்.

அந்த முப்பத்தேழில் இருபத்தொன்றைப் பிரேமலதா போட்டாள். பதினாறு பிரான்சியின் பங்கு.

எல்லாவற்றையும் வழிகாட்டியைப் பார்த்துத்தான் போட வேண்டும். அந்த வழிகாட்டியின் பதினான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘நடுவில் தடுப்பு உள்ள சாலையில், வீடு வண்டியின் இடது கைப்பக்கம் வருமாறு திசையைத் தேர்ந்தெடுக்கவும்.’ இரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு ஊர்களில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு இவர்கள் வரைபடம் செய்திருந்தார்கள். அப்போது எழுதிய வழிகாட்டி அது. அமெரிக்க வேலை வந்தபோது ஊர்ப் பெயர்களையும் அட்டையையும் மாற்றினார்கள். பதினான்காம் பக்கம் அப்படியே இருந்துவிட்டது. பதினான்கு பேரும் பிறந்ததிலிருந்து இடப்பக்கம் போகும் சாலையில் நடந்தவர்கள். யாருக்கும் அந்த வரி உறுத்தவில்லை.

பிரேமலதாவுக்கு அது பட்டது 2025 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் கணவன் ரஞ்சித் திருவெறும்பூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர். அவனோடு வேலை செய்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இருவரும் பைக்கில் போனார்கள். வீடு தஞ்சாவூர் சாலையில் எதிர்ப்பக்கம். முறைப்படி போனால் அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். ரஞ்சித் நடுத் தடுப்பில் இருந்த ஒரு சந்தில் புகுந்து, எதிர்த்திசையில் ஓரமாகவே வண்டியை விட்டான்.

“என்னங்க இது? லாரி வருது!”

“சட்டப்படி போனா மூணு கிலோமீட்டர் சுத்தணும். இப்படிப் போனா முந்நூறு அடி. கண்ணை மூடிக்கோ.”

அவள் மூடவில்லை. லாரி ஹாரன் அடித்தபடி அவள் இடது தோளுக்கு இரண்டு முழம் தள்ளிப் போனது. வீடுகள் வலது கைப்பக்கம் வந்தன. எதிரே வரும் வண்டிகள் இடப்பக்கம் போயின. அமெரிக்காவில் எல்லோரும் இப்படித்தானே ஓட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கிரகப்பிரவேசப் பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகக் கார்வெல் பெண்ட் படத்தைப் பெரிதாக்கினாள். தெற்குப் பாதையில் இரண்டு லாரிகள் இருந்தன. இரண்டின் முகப்பும் கிழக்கே பார்த்தன. அந்தப் பாதையில் இருக்கும் வீடுகளுக்கு அவள் போட்டிருந்த திசை, மேற்கு நோக்கி வரும் வண்டி.

சந்தேகங்களை எழுதிவைக்கும் கேள்விப் பட்டியலில் 212-ஆவது வரியில் எழுதினாள்: ‘இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. பக்கம் 14 தவறு. பதின்மூன்று வீடுகள் போட்டுவிட்டேன். மாற்றலாமா?’

பட்டியலில் மூடாமல் இருக்கும் கேள்விகள் வெள்ளிக்கிழமை மாலை, வேலை கொடுத்த அமெரிக்க நிறுவனத்துக்குப் போகும். நூறு வீட்டுக்கு இரண்டு கேள்விக்கு மேல் போனால் நிறுவனத்தின் தர மதிப்பெண் இறங்கும். அதனால் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் மாதவன் உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாக மூடுவான். ‘வழிகாட்டியின்படி’ என்று பக்கத்தில் எழுதினால் கேள்வி மூடியதாகக் கணக்கு. “மாதவன் வெள்ளிக்கிழமை வீடு கழுவ ஆரம்பிச்சுட்டான், காலைத் தூக்கிக்கோங்க” என்று பிரான்சி சொல்வாள்.

பிப்ரவரி 28, மதியம் இரண்டரை மணிக்கு 212-ஆவது வரியும் மூடப்பட்டது. பிரேமலதா எழுந்து அவன் மேசைக்குப் போனாள்.

“மாதவா, இதை மூடாதே. இது தப்பு.”

“தப்புன்னு தெரியுதுக்கா. ஆனா இது ஒரு வீட்டுச் சமாச்சாரம் இல்ல. கைட்லைனே தப்புன்னு எழுதினா ஒன்பது ஊரையும் முதல்லேர்ந்து போடணும். அழகிரி சார் என் தோலை உரிச்சுத் தொங்கவிடுவார்.”

“ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?”

“அந்த டிரைவருக்குத் தன் ஊர் தெரியாதா? நம்ம ஊர் ஆட்டோக்காரர் மேப்பைப் பாத்தா ஓட்டுறார்? போங்கக்கா, இன்னும் எட்டு வீடு இருக்கு உங்களுக்கு.”

அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். எட்டு வீடுகளையும் பதினான்காம் பக்கத்தின்படியே போட்டாள். 1840-ஆம் எண் வீட்டைப் போட்டபோது மணி மூன்று நாற்பது. பின்பக்கம் வட்டமான நீலக் குளம், சிவப்புத் தகரக் கூரை போட்ட கொட்டகை, கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். நான்கரைக்கு அவள் அன்றைய டார்கெட் முடிந்தது.

மே மாதம் 14-ஆம் தேதி, புதன்கிழமை, அமெரிக்க நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மே 11 அன்று 1840-ஆம் எண் வீட்டிலிருந்து அவசர அழைப்பு. அறுபத்தொரு வயதுப் பெண்ணுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் கிழக்கே பதினான்கு மைல் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து கிளம்பியது. நகரத்துக்கு முன்னால் ஒரு பிரிவு வரும். அதில் பழைய சாலையைப் பிடித்துச் சுற்றிப் போயிருந்தால் தெற்குப் பாதையில் ஏறி வாசலுக்கே போயிருக்கலாம். திரை நேராகப் போகச் சொன்னது. ஆம்புலன்ஸ் வீட்டுக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கத்தில் போய் நின்றது. நடுவே இரும்புக் கம்பி வடத் தடுப்பு. ஊழியர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டி ஓடினார். ஆக்சிஜன் உருளையும் ஸ்ட்ரெச்சரும் வண்டியோடு ஆறு மைல் மேற்கே போய், திரும்பி ஆறு மைல் வந்தன. அதற்குள் அந்தப் பெண் இறந்துவிட்டார்.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மூல காரண அறிக்கை வேண்டும் என்று மின்னஞ்சல் முடிந்திருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு நிறுவனத்தின் உரிமையாளர் அழகிரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு காலத்தில் சர்வேயராக இருந்தவர். மாதவன் சுவரோரம் நின்றிருந்தான். மேசையில் அறிக்கை தயாராக இருந்தது.

“உட்காருங்க பிரேமலதா. தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேண்டாம் சார்.”

“பதட்டப்படாதீங்க. படிச்சிட்டு ஒரு கையெழுத்து. உங்களை வேற ப்ராஜெக்டுக்கு மாத்திடறேன். வேலைக்கு ஒண்ணும் ஆகாது.”

அந்த நிறுவனத்தின் மூல காரண அறிக்கையில் ‘ஏன்’ என்ற கேள்வி ஐந்து முறை வரும். புள்ளி ஏன் தவறியது, அது ஏன் கவனிக்கப்படவில்லை என்று ஒவ்வொரு படியாக இறங்கி ஐந்தாவது ஏனில் ஓர் ஆளின் பெயர் இருக்கும். மூன்று ஆண்டுகளில் அவள் பார்த்த எல்லா அறிக்கையிலும் கடைசி வரி ஒன்றுதான்: ஊழியரின் கவனக்குறைவு. இதில் அவள் பெயர் இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி: ‘இது 1840-ஆம் எண் வீட்டில் மட்டும் நேர்ந்த தனித்த பிழை. மற்றப் புள்ளிகள் சரிபார்க்கப்பட்டன.’

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

“மீதி முப்பத்தாறு வீடு?”

“அதை அக்டோபர் அப்டேட்ல சத்தமில்லாம மாத்திக்கலாம்.”

“அக்டோபர் வரைக்கும் அந்த வரிசைல யாருக்கும் நெஞ்சு வலிக்காதா சார்?”

அழகிரி பேனாவைக் கீழே வைத்தார். “கோபப்பட்டு என்ன ஆகப்போகுது? எல்லாம் தப்புன்னு சொன்னா ஒன்பது ஊர். தடுப்புச் சாலையில மட்டும் அறுநூறு வீட்டுக்கு மேல. கான்ட்ராக்ட் போயிடும். ஒரு வீடுன்னு சொன்னா அவங்க ஒரு புள்ளியை மாத்திட்டு அடுத்த வேலையைப் பாப்பாங்க.”

“நான் பிப்ரவரிலயே எழுதினேன் சார். கேள்விப் பட்டியல்ல இருக்கு.”

“எந்தக் கேள்வி?”

“இருநூத்திப் பன்னெண்டு.”

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். 212-ஆவது வரியில் ஒரு தபால் பெட்டி எந்த வீட்டைச் சேர்ந்தது என்ற கேள்வி இருந்தது. அது 213-ஆவது வரியில் இருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. மாதவனைப் பார்த்தாள். அவன் ஏசி ரிமோட்டில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாதவா, என்னைப் பாரு.”

“அக்கா, ப்ளீஸ்க்கா.”

“கையாலதானே அழிச்சே? என் மூஞ்சியைப் பாத்தா என்ன?”

“சத்தம் வேண்டாம்” என்றார் அழகிரி. “சரி, நீங்க எழுதினதாவே வச்சுக்குவோம். எழுதினதுக்கு அப்புறம் 1840-ஐப் போட்டது யாரு? உங்க ஐடி. மூணு நாற்பது. தப்புன்னு தெரிஞ்சே போட்டிருக்கீங்க. இதை நான் அறிக்கைல எழுதல. உங்களைக் காப்பாத்தத்தான் கவனக்குறைவுன்னு போட்டிருக்கேன்.”

அவர் சொன்னது உண்மை.

“அந்தம்மா வயசானவங்க பிரேமலதா. வண்டி நேரத்துக்குப் போயிருந்தாலும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது.”

“அறுபத்தொண்ணு. உங்களுக்கு என்ன வயசு சார்?”

அழகிரி அறிக்கையை எடுத்து உறைக்குள் வைத்தார். “நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள முடிவு சொல்லுங்க.”

கீழே பேக்கரியில் பிரான்சி இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். பஃப்ஸை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினாள். பிரேமலதா வாங்கவில்லை.

“போட்டுட்டுப் போயிடு” என்றாள் பிரான்சி. “போலீசா, கோர்ட்டா? ஒரு பேப்பர். வேற ப்ராஜெக்ட்ல ரெண்டு மாசம் வாயை மூடிட்டு இருந்தா எல்லாரும் மறந்துடுவாங்க.”

“உன் பதினாறு வீடும் அப்படியேதான் இருக்கு பிரான்சி.”

“அதுக்குத்தான் சொல்றேன். கிளறாதே.”

“நாளைக்கே இன்னொரு வண்டி கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்னா?”

“பதினாலு பேர் இருக்கோம் மேல. எனக்கு அம்மா, ரெண்டு பிள்ளைங்க. அந்த வரிசைல எத்தனை பேரு?”

“எண்பத்தொண்ணு. இப்ப எண்பது.”

“அந்த எண்பதுல ஒருத்தர் பேரைச் சொல்லு பாப்போம்.” பிரான்சியின் குரல் உயர்ந்தது. கல்லாவில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். “என் பேர் தெரியுது இல்ல? என் பிள்ளைங்க பேர் தெரியும். மேல இருக்கிற பதிமூணு பேரும் உன் டிபன் பாக்ஸ்ல கை வச்சுத் தின்னவங்க. எங்களைவிட மேப்ல இருக்கிற ஓட்டு வீடு பெரிசாப் போச்சா உனக்கு?”

“ஓட்டு வீடு ஒண்ணுகூட இல்ல அங்க.”

“உன் வாய்ல இடி விழ” என்றாள் பிரான்சி. டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

அன்று மாலை பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருந்த ஓர் ஆளைப் பிரேமலதா எல்லோரும் பார்க்கும்படித் திட்டினாள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் உட்காரவில்லை. காவிரிப் பாலம் தாண்டும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மூன்று நாற்பது என்ற நேரம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு எழுந்து போய் மாதவனிடம் சொன்னதை எல்லோரிடமும் உரக்கச் சொல்லியிருக்கலாம். எட்டு வீட்டைப் போடாமல் உட்கார்ந்திருக்கலாம். ஒரு நாள் டார்கெட் போயிருக்கும். அவ்வளவுதான்.

ரஞ்சித் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“எங்க ஷாப்ல ஒரு வெல்டு விட்டுப்போனா அந்த லாட் முழுக்கத் திரும்ப டெஸ்ட் பண்ணணும். ஒரு பீஸை மட்டும் மாத்தி அனுப்பினா இன்ஸ்பெக்டர் மூஞ்சிலேயே விட்டெறிவான்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“சொல்றே. ஆனா போட்டதும் நீதான்.”

“ஆமா. நான்தான் போட்டேன். போட்டேன்னு கையெழுத்துப் போடறேன், எனக்கு என்ன வெக்கம்? என் பேரைப் பெரிசா எழுதிக்கட்டும். முப்பத்தேழு வீடும் அதில இருக்கணும். ‘மற்றப் புள்ளிகள் சரிபார்க்கப்பட்டன’ங்கிற பொய்க்குக் கீழ என் கையெழுத்து விழாது.”

“ஒத்துக்க மாட்டாரு.”

“தெரியும்.”

“அப்ப நாளையிலேர்ந்து நீ வீட்லதான்.”

“வீட்லதான்.”

அவன் தட்டுகளை எடுத்து வைத்தான். பிறகு, “சாப்பிட்டுப் பேசலாம், வா” என்றான். சாப்பிட்ட பிறகும் அவர்கள் அதைப் பேசவில்லை.

மே 15, வியாழக்கிழமை, காலை பத்தரைக்குப் பிரேமலதா அழகிரியின் அறைக்குப் போனாள். அறிக்கையைக் கேட்டு வாங்கினாள். ‘தனித்த பிழை’ என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அதற்கு மேலே எழுதினாள்: ‘1800 முதல் 1872 வரை இரட்டைப்படை எண் வீடுகள் முப்பத்தேழும் தவறு. வழிகாட்டியின் பக்கம் 14 காரணம். தவறு என்று தெரிந்த பிறகும் எட்டு வீடுகளை நான் போட்டேன்.’ அதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள்.

அழகிரி படித்தார். தாளை நான்காகக் கிழித்தார். அவசரமில்லாமல், மடிப்பில் மடிப்பாகக் கிழித்தார்.

“யாருக்காக இந்த வேஷம்? நீங்க யாருன்னு அங்க ஒரு ஈ காக்காய்க்குத் தெரியுமா? இந்த மாடியில இருக்கிறவங்க சோத்துல மண்ணள்ளிப் போட வந்திருக்கீங்க.”

“மண்ணைப் போட்டது நீங்க சார். அட்டையை மாத்தினீங்களே, உள்ள ஒரு தடவை படிச்சீங்களா? சர்வேயரா இருந்தவர்தானே? அவங்க எந்தப் பக்கம் ஓட்டுறாங்கன்னு தெரியாம அறுநூறு வீட்டுக்கு வழி சொல்லியிருக்கோம். சொன்னவளைப் பட்டியல்லேர்ந்து அழிச்சீங்க. செத்தவங்களை வயசானவங்கன்னு சொல்லி அழிக்கிறீங்க. இன்னும் யாரை அழிக்கணும்?”

“லாக்கர்ல போனை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. ரிலீவிங் லெட்டர் கேட்டு இந்தப் படி ஏறாதீங்க.”

வெளியே வந்தாள். அறைக் கதவு திறந்தே இருந்ததால் எல்லோரும் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு தலைகளும் திரைகளைப் பார்த்துக் குனிந்திருந்தன. மாதவன் இடத்தில் இல்லை. பிரான்சி மவுஸை அழுத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரையில் கார்வெல் பெண்ட் இல்லை, வேறு ஊர்.

“பிரான்சி, போயிட்டு வரேன்.”

மவுஸ் சத்தம் நின்றது. பிரான்சி திரும்பவில்லை.

பேக்கரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிரேமலதா போனைத் திறந்தாள். மணி பன்னிரண்டு. மிசூரியில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை. கார்வெல் பெண்ட் நகராட்சி அலுவலகம் திங்கள் முதல் வியாழன் வரை, காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை திறந்திருக்கும். அந்த வரியையும் அவள்தான் தட்டச்சு செய்திருந்தாள். இன்று வியாழன். இன்று விட்டால் திங்கள். மின்னஞ்சல் முகவரி மனப்பாடமாக இருந்தது.

ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டு முறை அழித்து எழுதியதில் ஏழு வரி வந்தது. நெடுஞ்சாலையில் 1800 முதல் 1872 வரையுள்ள எல்லா வீடுகளுக்கும் உங்கள் அவசர வரைபடத்தில் வண்டி வரும் திசை தவறாக இருக்கிறது. 1840-இல் மட்டும் என்று உங்களுக்கு வரப்போகும் அறிக்கை பொய். நாங்கள் இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். எங்கள் விதியை உங்கள் சாலையில் போட்டுவிட்டோம். மற்ற எட்டு ஊர்களிலும் இதே தவறு. 1840-ஐப் போட்டது நான். பிப்ரவரியில் எனக்குத் தெரிந்தது, எழுதினேன், மூடிவிட்டார்கள், அதன் பிறகும் போட்டேன். உங்கள் ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் இன்றே சொல்லுங்கள்.

கீழே முழுப் பெயரையும் போன் எண்ணையும் போட்டாள்.

இரவுச் சமையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பதில் வந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள். நகராட்சி எழுத்தர் அனுப்பியது. ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டதாகவும், கடிதத்தை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார். பிறகு ஒரு வரி இடம் விட்டு: ‘இறந்தவர் பெயர் மார்லீன். நான் 1846-இல் குடியிருக்கிறேன். பிப்ரவரியில் தெரிந்ததை மே மாதம் எழுதுகிறீர்கள்.’

பெயரோ கையெழுத்தோ இல்லாமல் கடிதம் அங்கேயே முடிந்திருந்தது.

ரஞ்சித் வந்து கேட்டபோது போனை அவன் கையில் கொடுத்தாள். அவன் படித்தான்.

“நல்லதுக்கு எழுதினவகிட்ட இப்படிப் பேசறாங்க.”

“சரியாத்தான் பேசறாங்க” என்றாள். “நானா இருந்தா இதைவிடக் கேட்டிருப்பேன்.” அரிசியைக் குக்கரில் போட்டு, மூடியை அறைந்து பூட்டினாள்.

முப்பத்தேழு புள்ளிகளும் மே 20, செவ்வாய்க்கிழமை திருத்தப்பட்டன. மற்ற எட்டு ஊர்களின் புள்ளிகளை வேறொரு நிறுவனம் ஜூன் மாதத்துக்குள் திருத்தியது. கே.கே. நகர் நிறுவனத்தின் ஒப்பந்தம் ஜூன் 6 அன்று ரத்தானது. மாத இறுதியில் மீதிப் பதின்மூன்று பேருக்கும் வேலை போயிற்று. மாதவன் சென்னையில் வேறொரு வரைபட நிறுவனத்தில் டீம் லீடராகச் சேர்ந்தான். பிரான்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். பிரேமலதா இரண்டு முறை அந்தக் கடைக்குப் போனாள். இரண்டு முறையும் பிரான்சி அடுத்த கவுண்ட்டரைக் காட்டினாள்.